டூல்பாக்ஸ் திலகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்த டிசைன் ஆபீஸுக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். வயது இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவே. கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்ஃபோன், மேஜையில் பாதி குடித்து ஆறிப்போன டீ. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பிராக்கெட்டின் கனம் எட்டு மில்லிமீட்டரா பத்தா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் சத்தமில்லாமல் நாற்பது போல்ட் மாட்டி முடித்திருப்பார். கையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது.

ஆபீஸில் அவருக்கு டூல்பாக்ஸ் திலகம் என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. ஹெட்ஃபோன் இருப்பதால் சொன்னாலும் பாதகமில்லை.

பட்டம் வந்த கதை இது. 1995இல் சந்தைக்கு வந்த சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் விலை கூடிய பதிப்புகளோடு டூல்பாக்ஸ் என்று ஒரு நூலகம் வருகிறது. நூலகம் என்று பெயர், ஆனால் உள்ளே இருப்பது போல்ட் கடை. அமெரிக்க ஆன்சி, ஜெர்மன் டின், ஜப்பானிய ஜேஐஎஸ், உலகத்துக்கே பொதுவான ஐஎஸ்ஓ, நம்மூர் ஐஎஸ் என்று தரநிலைவாரியாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் போல்ட், நட்டு, வாஷர், பின், பேரிங். இன்வென்டர் மென்பொருளில் இதே கடைக்கு கன்டென்ட் சென்டர் என்று போர்டு. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடில் ஃபாஸ்னர்ஸ் வொர்க்பெஞ்ச் என்று போர்டு. எந்தக் கடையானாலும் வியாபார முறை ஏறக்குறைய ஒன்றுதான். போல்ட்டை இழுத்துக்கொண்டு போய்த் துளையின் மேல் விட வேண்டும். துளைக்கு ஏற்ற அளவைத் தானே பிடித்துக்கொண்டு அது உட்கார்ந்துவிடும். பணம் கேட்க ஆளில்லை. ‘ஸ்டாக் இல்லை, திங்கட்கிழமை வாங்க’ என்று சொல்லவும் ஆளில்லை.

போதாக்குறைக்கு ஸ்மார்ட் ஃபாஸ்னர் என்று ஒரு வசதி. பொத்தானை அழுத்தினால் அசெம்பிளியில் உள்ள துளைகளை மென்பொருளே தேடிப்பிடித்து போல்ட் போட்டுவிடும். அதை அழுத்திவிட்டு டீ குடிக்கக் கிளம்புவதுதான் திலகத்தின் நாளில் உச்சக்கட்டம். திரும்பி வருவதற்குள் மெஷின் முழுக்க போல்ட் முளைத்திருக்கும். அதைப் பெருமையோடு ஒருமுறை சுற்றிச் சுழற்றிப் பார்ப்பார்.

தினமும் காலையில் அவர் ஏறி வரும் பஸ் பாடி வழியாகத்தான் வருகிறது. 1960களிலிருந்து போல்ட் செய்துவரும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸின் ஆலை அந்தப் பாடியில்தான் இருக்கிறது. கம்பியை வெட்டி, தலையை அடித்து, மரையை உருட்டி, சூட்டில் பதப்படுத்தி, சோதித்துத்தான் ஒரு நல்ல போல்ட் வெளியே வருகிறது. திலகம் அந்த நேரத்தில் போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை போல்ட் உற்பத்தியாவது திரையின் வலது ஓரத்தில்.

வரைபடம் முடிந்து, உதிரிபாகப் பட்டியல் பர்ச்சேஸுக்குப் போகிறது. அங்கேதான் முதல் முட்டல். பட்டியலின் ஏழாவது வரியைப் படித்த பர்ச்சேஸ் மேடம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படிக்கிறார்: ‘பி18.3.1எம் - 10 × 1.5 × 40 ஹெக்ஸ் எஸ்எச்சிஎஸ் -- 40என்எச்எக்ஸ்.’ மாடிக்கு இன்டர்காமில் கூப்பிடுகிறார்.

“என்ன தம்பி இது, வைஃபை பாஸ்வேர்டா?”

“ஆலன் போல்ட் மேடம். எம்10, நாற்பது நீளம்.”

“அதை அப்படியே எழுதினா என்ன?”

“சாஃப்ட்வேர் அப்படித்தான் மேடம் எழுதும்.”

மென்பொருள்மீது பாதிப் பழிதான் போடலாம். பி18.3.1எம் என்பது மில்லிமீட்டர் ஆலன் போல்ட்டுக்கான அமெரிக்கத் தரநிலையின் எண். ஐஎஸ்ஓ அறைக்குப் போயிருந்தால் 4762 என்று வந்திருக்கும்; கடைக்காரரும் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் அறைகள் ஆங்கில அகரவரிசையில் இருக்கின்றன. ஆன்சி முதலில் வருகிறது. முதலில் தெரியும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போன திலகம், நம்மூர் ஐஎஸ் அறையை இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை.

மேடத்தின் அடுத்த கேள்வி இன்னும் எளிது. “கடைக்காரர் எய்ட் பாயின்ட் எய்ட்டா, ட்வெல்வ் பாயின்ட் நைனான்னு கேக்கறார். எது?” திலகம் திரையைப் பார்க்கிறார். போல்ட் சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. 8.8 என்றால் அதன் இழுவலிமை குறைந்தது 800 மெகாபாஸ்கல், அதில் எண்பது சதவீதம், அதாவது 640 வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீண்டுவிடாது என்று பொருள். 12.9 என்றால் 1200க்கும் மேல். நிஜ போல்ட்டின் தலையில் இந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள். திரை போல்ட்டின் தலை வழுவழுவென்று இருக்கிறது. “எது சீப்போ அதை வாங்கிடுங்க மேடம்” என்கிறார். மேடம் அதை எழுத்தில் கேட்கிறார். திலகம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்.

பட்டியலில் இன்னொரு விசேஷமும் உண்டு. எம்8 × 20 நாலு, எம்8 × 25 ஆறு, எம்8 × 30 ரெண்டு, எம்8 × 35 ரெண்டு. துளையின் ஆழத்துக்குத் தக்கபடி நூலகம் நீளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொடுத்தது; இவர் ஏற்றுக்கொண்டார். தட்டின் கனத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருந்தால் 25இலும் 35இலும் கதை முடிந்திருக்கும். இடையில் எம்14 வேறு. எம்12 திரையில் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்ததாம், எம்16 கொஞ்சம் குண்டாகத் தெரிந்ததாம். எம்14, எம்18, எம்22 எல்லாம் ஐஎஸ்ஓ பட்டியலிலேயே இரண்டாம் விருப்ப வரிசையில் உட்கார்ந்திருக்கும் அளவுகள். வேறு வழியில்லை என்றால் மட்டும் தொடுவதற்கு. பாரிமுனைக் கடைக்காரர் போனிலேயே சிரிக்கிறார்: “எம்14ல நாலே நாலா? பாக்கெட்டா எடுத்துக்குங்க மேடம், அடுத்த மெஷினுக்கு ஆவும்.” அடுத்த மெஷினில் திலகம் எம்18 போடுகிறார்.

இனி அசெம்பிளிக் கூடம். இங்கே ஆட்சி ஃபிட்டர் அண்ணனுடையது. மேனேஜர் பக்கத்தில் இருந்தால் திலகத்தை ‘சார்’ என்பார், இல்லாவிட்டால் ‘தம்பி’. எரிச்சல் ஏறினால் இரண்டும் இல்லாமல் வெறும் பார்வை.

“தம்பி, இந்தப் பள்ளத்துல ஸ்பேனர் போகல.”

“பதினாறு ஸ்பேனர் போட்டுப் பாருங்கண்ணே. எம்10தானே, ஐஎஸ்ஓல பதினாறு.”

“போல்ட்டு பதினேழு, தம்பி.”

திலகம் முகத்தில் முதல்முறையாகக் கவலை. நியாயமான கவலைதான். ஐஎஸ்ஓ 4017இன்படி எம்10 போல்ட்டின் தலை 16 மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு உரியது. அதற்கு முந்தைய டின் 933இன்படி 17. எம்12க்கு டின் 19 என்கிறது, ஐஎஸ்ஓ 18. எம்14க்கு 22, 21. எம்22இல் தலைகீழ்: டின் 32, ஐஎஸ்ஓ 34. மற்ற வழக்கமான அளவுகளில் இருவரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். சண்டை இந்த நாலு அளவில்தான். டின் 933க்கு அதிகாரபூர்வமாக விடைகொடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கடைகளில் ‘நைன் த்ரீ த்ரீ’ என்று கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுக்கிறார்கள். நம்மூர் இருமுனை ஸ்பேனர் செட்டில் 16-17 ஒன்று, 18-19 ஒன்று என்று வருவதால் ஃபிட்டர் அண்ணனுக்கு இரண்டு கட்சியோடும் சுமுக உறவு. திலகம் வரைந்த பள்ளமோ ஐஎஸ்ஓ கட்சியைத் தவிர யாரையும் உள்ளே விடுவதில்லை. கடைசியில் பள்ளம் பெரிதாக்கப்பட்டது, கிரைண்டரால்.

அடுத்த புகார் இதைவிட ஆழமானது.

“இந்த ஆலன் போல்ட்டை எந்தப் பக்கமா விடணும் தம்பி?”

“மேலேருந்துண்ணே.”

“மேல மோட்டார் பிளேட்டு இருக்கே.”

“பிளேட் மாட்டறதுக்கு முன்னாடியே விட்டுடுங்க.”

“சரி, விட்டுட்டேன். ஆறு மாசம் கழிச்சு லூசாச்சுன்னா?”

திரையில் போல்ட் இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு நேராக வந்து தன் இடத்தில் அமர்ந்தது. நூறு மில்லிமீட்டர் போல்ட்டை நுழைக்க மேலே அறுபது மில்லிமீட்டர் இடம் போதாது என்று மென்பொருள் சொல்லவில்லை. எம்12 ஆலன் போல்ட்டுக்கு பத்து மில்லிமீட்டர் கீ வேண்டும், அந்தக் கீயின் கையைத் திருப்ப இடம் வேண்டும், அந்தக் கையைப் பிடிக்க மனிதக் கை ஒன்று உள்ளே போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஃபிட்டர் அண்ணனின் பெட்டியில் நுனி அறுத்துக் குட்டையாக்கப்பட்ட ஆலன் கீகள் சில கிடக்கின்றன. ஒவ்வொன்றும் திலகத்தின் ஒவ்வொரு மெஷினுக்காகப் பிறந்தது.

‘முட்டுதா இல்லையான்னு சாஃப்ட்வேர்ல செக் பண்ண முடியாதா?’ என்று மேனேஜர் கேட்கிறார். முடியும். திலகம் செய்தும் இருக்கிறார். எம்10 மரை வெட்டுவதற்கு 8.5 மில்லிமீட்டரில் துளை போடுவார்கள். மாடலில் துளை 8.5, போல்ட் 10. ஆக மரைத்துளையில் உட்கார்ந்த ஒவ்வொரு போல்ட்டும் இரும்புக்குள் இரும்பாக முட்டுவதாகவே மென்பொருள் சொல்லும். மெஷினில் இருநூறு போல்ட் என்றால் இருநூறு முட்டல். இந்த இரைச்சலைத் தனியாக ஒதுக்குவதற்கென்றே போல்ட்களுக்கு ஒரு தனிக் கோப்புறை உருவாக்கும் வசதி உண்டு. திலகம் அதை ஒதுக்கினார், பிறகு மொத்தமாக மறந்தார். அந்த இருநூறில் ஒன்று நிஜமான முட்டல்: முப்பது ஆழமுள்ள மூடிய துளைக்குள் போல்ட் முப்பத்தைந்து இறங்கியிருந்தது. பட்டறையில் அந்த போல்ட் கல்லென்று இறுகியது. தகடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திலகத்தின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் வாடிக்கையாளர் கம்பெனியில் நடந்த மீட்டிங். மாடல் கோப்புகளை பென்டிரைவில் எடுத்துப்போய் அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்தார். புரொஜக்டர் வெளிச்சத்தில் மெஷின் வந்தது. கூடவே, எம்6 திருகுகள் இருந்த இடத்திலெல்லாம் மோட்டாரைவிடப் பெரிய போல்ட்கள், கவர்களைக் கிழித்துக்கொண்டு நின்றன. அறையில் அமைதி. மூத்த அதிகாரி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “இதைத் தூக்க எத்தனை டன் கிரேன் வேணும்?”

சாலிட்வொர்க்ஸ் உலகில் இது பிரசித்தமான விபத்து. டூல்பாக்ஸில் ஒரு வகை போல்ட்டுக்கு ஒரே கோப்பு; அளவுகளெல்லாம் அதற்குள் தனித்தனி வடிவங்களாக அடங்கியிருக்கும். வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது அங்குள்ள டூல்பாக்ஸில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும், ஆனால் இவர் உருவாக்கிய அளவு அதில் இருக்காது. மென்பொருள் கையில் கிடைத்த அளவை மாட்டிவிடும். தேவையான அளவுகளைத் தனிக் கோப்புகளாகச் சேமிக்கும்படி அமைப்பில் ஒரு தேர்வைச் செய்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது. அமைப்புகள் பக்கத்தைத் திலகம் திறந்ததில்லை. அதுவும் ஐஎஸ் அறை மாதிரிதான், கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

இந்த இனத்தில் கிளைகளும் உண்டு. ஒருவர் மரை ரசிகர். கோடு போட்டுக் காட்டும் மரையில் அவருக்குத் திருப்தி கிடையாது. உள்ளபடியே சுருளாக வெட்டித்தான் ஆக வேண்டும். முழுமரை எம்10 × 40இல் 1.5 பிட்சுக்கு இருபத்தாறு சுற்றுக்குமேல் வரும். அதை இருநூறு போல்ட்டுக்குச் செய்துவிட்டு, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஐ.டி. துறையில் புகார் கொடுப்பார். பட்டறைக்குப் போகும் வரைபடத்தில் மரை என்பது வெறும் மெல்லிய கோடு என்பது அவர் நினைவில் இருக்காது. இன்னொருவர் டூல்பாக்ஸில் கிடைத்த கியரை அப்படியே வயர்கட்டுக்கு அனுப்பியவர். ‘இந்தக் கியர்கள் உண்மையான இன்வொல்யூட் பல் கொண்டவையல்ல, வடிவத்தைக் காட்டுவதற்கு மட்டும்’ என்று மென்பொருளின் உதவிப் பக்கமே சொல்கிறது. போல்ட்களும் தோராயமானவை, அழுத்தப் பகுப்பாய்வுக்கு ஏற்றவையல்ல என்று அங்கேயே இருக்கிறது. உதவிப் பக்கம் படிப்பவர் இந்தக் கட்டுரையில் வருவதற்குத் தகுதியில்லாதவர்.

எதிர்முகாமில் இருப்பவர் டிராயிங் போர்டு காலத்து மேனேஜர். அவர் மேஜையில் அட்டை கிழிந்த பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் இருக்கும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த அந்தப் புத்தகத்தைத் தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த எவரும் தேர்வு அறைக்குள் எடுத்துப்போயிருப்பார்கள். திலகமும் எடுத்துப்போனார், எழுதினார், பாஸானார், ஜூனியருக்கு விற்றார். மேனேஜருக்கோ முப்பரிமாண மாடல் முக்கியமில்லை. ஒரு வட்டம், நடுவில் பிளஸ் குறி, பக்கத்தில் ‘எம்10, 6 நோஸ்’ என்று எழுதினால் போதும். நீளம்? “ஃபிட்டர் பாத்துப்பான்.”

ஃபிட்டர் பார்த்துக்கொள்வார் என்பதும் ஆபத்தான நம்பிக்கைதான். 1990 ஜூன் 10ஆம் தேதி பர்மிங்காமிலிருந்து மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் விமானி முன்கண்ணாடி 17,000 அடிக்கு மேலே கழன்று பறந்தது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட, சிப்பந்திகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். அதிசயமாக எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட. காரணம் போல்ட். கண்ணாடியைப் பிடித்திருந்த 90இல் 84 போல்ட்கள் விட்டத்தில் சுமார் 0.66 மில்லிமீட்டர் சிறியவை. மாற்றியவர் பாக அட்டவணையைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மங்கல் வெளிச்சத்தில் கண்ணளவாக ஜோடி சேர்த்திருந்தார். இத்தனைக்கும் ஸ்டோர்ஸ்காரர் சரியான எண்ணைச் சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை.

தரநிலைகள் பிறந்ததே இந்தக் கண்ணளவைத் துரத்துவதற்குத்தான். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிய பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 டிகிரி கோணத்தில் பொது மரை ஒன்றை முன்வைத்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 டிகிரி என்றார். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இரு நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. 1948இல்தான் கனடாவையும் சேர்த்துக்கொண்டு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜெர்மானியர்கள் 1918இல் வெளியிட்ட முதல் டின் தரநிலையே கூம்புப் பின்னைப் பற்றியது. இத்தனை பேர் சண்டை போட்டு ஒத்துக்கொண்ட அட்டவணைகள்தான் இன்று திலகத்தின் திரையின் வலது ஓரத்தில் இழுபடக் காத்திருக்கின்றன. அவற்றில் பிழையில்லை. நூலகம் எல்லா அளவையும் ஒரே மாதிரி நீட்டுகிறது, அவ்வளவுதான். எதை வாங்க முடியும், எது ஸ்டோர்ஸில் இருக்கிறது என்பதை நூலகத்துக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தரவும் வழி இருக்கிறது. டூல்பாக்ஸ் அமைப்பில் வேண்டாத தரநிலைகளையும் வேண்டாத அளவுகளையும் அணைத்துவைக்கலாம். எம்14ஐ அணைத்தால் அது திலகத்தின் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு அளவுக்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸ் எண்ணையும், ‘ஆலன் போல்ட் எம்10 × 40, 12.9’ என்று மனிதருக்குப் புரியும் விவரத்தையும் எழுதிவைக்கலாம். நூலகத்தை எல்லோருக்கும் பொதுவான ஒரே சர்வரில் வைக்கலாம். சில நாள் வேலை. ஆனால் அந்த வேலையை யார் செய்வது என்று டிசைனும் ஸ்டோர்ஸும் பேசிக்கொண்டிருப்பதால் பெரும்பாலான ஆபீஸ்களில் அது ‘அடுத்த வாரம்’ என்ற நிலையிலேயே நிற்கிறது.

ஆகவே டிசைன் மேனேஜர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் திலகத்தை ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்கு அனுப்புங்கள். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் போகட்டும். கையில் அவரே போட்ட பட்டியலும் ஒரு மெஷினுக்கான பணமும் மட்டும் போதும். ‘40என்எச்எக்ஸ்’ஐ அவரே கடைக்காரரிடம் வாய்விட்டுப் படிக்கட்டும். எம்14 நாலு கேட்கட்டும். மாலையில் என்ன கிடைத்ததோ அதை வாங்கிவரட்டும். திங்கட்கிழமை டூல்பாக்ஸில் எதை அணைப்பது, எதை வைப்பது என்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலை அவரைவிடச் சரியாக யாராலும் போட முடியாது.